ஆங்கிலத்தில் தோணி வந்தது

ஒலாஞ்சிட்டோ
1988 மார்ச் 6, ஞாயிறு

அன்புள்ள கொமாத்ரே தொமித்தீலா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீயும் உன் முதுகுவலியும் சண்டை ஓய்ந்து சமாதானமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். வீட்டுக்காரர் செப்பே உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார். சொன்னார் என்றால், 'எழுதட்டுமா' என்று நான் கேட்டதற்குத் தலையை ஆட்டினார். அந்த மனிதரிடம் அதுவே பெரிய பேச்சு என்பது உனக்குத் தெரியாததா.

செய்தி என்னவென்றால், நான் பள்ளிக்கூடம் போகிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. வியாழக்கிழமை சாயங்காலம் நம் சபையில் மிஸ் லொரெய்ன் என்ற மிஷனரி அம்மாள் இங்கிலீஷ் சொல்லித் தருகிறார். மூன்றாம் வகுப்போடு கணக்குக்குப் பயந்து ஓடிவந்தவள், நாற்பத்தாறு வயதில் பென்சிலைச் சீவிக்கொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நோட்டில் இடப்பக்கம் வீட்டுச் சொல், வலப்பக்கம் வேதச் சொல். இந்தப் பக்கம் சோப்பு என்றால் அந்தப் பக்கம் ரட்சிப்பு. இந்தப் பக்கம் ஸ்பூன், அந்தப் பக்கம் பாவம். "ரெண்டையும் வாயிலதான் வெக்கிறோம், மிஸ்" என்றேன். பாவம், அவருக்குப் புரியவில்லை. பின்பெஞ்சுக்காரிகளுக்கு நன்றாகப் புரிந்தது.

எதற்கு இந்த வயதில் என்று கேட்பாய். வருகிற ஜனவரியில் சபைக்கு வடக்கிலிருந்து வெள்ளைக்கார விருந்தாளிகள் வருகிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன், நீ சான் பெத்ரோவுக்கு வேலைக்குப் போவதற்கு முந்தி, இப்படித்தான் வந்தார்கள். அவர்கள் முன்னால் எழுந்து நெரியோவைப் பற்றிச் சாட்சி சொன்னேன். கால் மணி நேரம் பேசினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாய். பாஸ்டர் எலியோ அதை இங்கிலீஷில் சொல்ல எடுத்துக்கொண்டது ஒரு தும்மல் நேரம்.

"என்ன சொன்னீங்க பாஸ்டர்?" என்று அப்புறம் கேட்டேன்.

"இந்தச் சகோதரிக்கு ஒரு கஷ்டம் வந்துச்சு, தேவன் தாங்கினார்னு சொன்னேன்."

என் எட்டு வயதுப் பிள்ளை, ஆற்றங்கரையில் என் மடியிலேயே போனவன், ஒரு கஷ்டமாகிவிட்டான். அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த தடவை எனக்கும் அவர்களுக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது. என் வாயால், அவர்கள் பாஷையில், அவன் பெயரைச் சொல்வேன்.

இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? அந்தக் காலத்தில், மாதா கோயிலில் அவனைக் கையில் ஏந்தி ஞானத்தாயாக நின்றவள் நீ. அன்றிலிருந்து நீ எனக்குக் கொமாத்ரே. நாம் இருவரும் சபை மாறிவிட்டோம். இந்தச் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானமும் இல்லை, ஞானத்தாயும் இல்லை. அதற்காக நீ இல்லையென்று ஆகிவிடுவாயா?

பஸ் ஓட்டும் தோன் நாச்சோ ஹாரன் அடிக்கிறார். இதை அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் கொமாத்ரே,
எர்மெலிந்தா


சான் பெத்ரோ சூலா
1988 ஏப்ரல் 10

அன்புள்ள கொமாத்ரே,

உனக்கும் கொம்பாத்ரே செப்பேவுக்கும் சமாதானம் உண்டாவதாக. நான் இருக்கிறேன். டாக்டர் வீட்டில் வாரத்துக்கு நாற்பது சட்டை தேய்க்கிறேன். முதுகு அப்படியேதான் இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்து வெகுநாளுக்குப் பிறகு சிரித்தேன். இங்கே என்னைச் சிரிக்க வைக்க ஆளில்லை. இந்த ஊர்ச் சபை பெரியது. முன்னூறு பேர் வருகிறார்கள், ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. "கதவோரத்துச் சகோதரி" என்கிறார்கள்.

இங்கே இங்கிலீஷ் வகுப்பு கிடையாது. நீ எழுதும் நோட்டை எனக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்புவாயா? தேய்க்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொண்டால் சட்டைக்கு ஒரு சொல் படித்துவிடுவேன்.

உன் கொமாத்ரே,
தொமித்தீலா


ஒலாஞ்சிட்டோ
1988 மே 22

கதவோரத்துச் சகோதரிக்கு முன்பெஞ்சுச் சகோதரி எழுதுவது,

நீ சுகமா? சட்டைகள் சுகமா? இங்கே வெயிலைத் தவிர குறையில்லை.

இத்துடன் பதினோரு தாள். எல்லாம் என் கையெழுத்து, கோழி கிளறிய மாதிரி இருந்தால் கோழியைக் குறை சொல். உச்சரிப்பை நம் பாஷை எழுத்துக்கூட்டலில் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன்.

படித்தது வீண்போகவில்லை. போன வாரம் மத்தியான பஸ்ஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் இறங்கினார். நான் விற்கிற பலேயாதா ரொட்டிக் கூடையோடு முன்னால் போய், நோட்டின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து, "வெல்கம், சின்னர். ஹாட் பீன்ஸ்" என்றேன். அந்த மனிதர் பஸ் படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாலு வாங்கினார். பாவியை வரவேற்றால் வியாபாரம் நடக்கிறது, கொமாத்ரே.

வீட்டில் செப்பேதான் தொல்லை. "மாட்டுக்கிட்டயும் இங்கிலீஷ்ல பேசிப் பாரேன்" என்றார்.

"அதான் உங்ககிட்ட பேசிட்டிருக்கேனே" என்றேன்.

நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்று நினைக்காதே. வியாழக்கிழமை ஐந்து மணிக்கு என் பக்கத்து இடத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை. "அது என் கொமாத்ரே இடம், அவ சான் பெத்ரோல இருந்து படிக்கிறா" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்,
எர்மெலிந்தா


சான் பெத்ரோ சூலா
1988 ஜூலை 3

அன்புள்ள கொமாத்ரே,

நலம். உங்கள் நலத்துக்கு ஜெபிக்கிறேன்.

தாள்கள் கிடைத்தன. பாதிக்கு மேல் மனப்பாடம். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே பாஸ்டரின் மனைவியிடம் 'குட் மார்னிங், பிளெஸ்ஸிங்ஸ்' என்றேன். திரும்பிப் பார்த்து என் பெயரைக் கேட்டார்கள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

இன்னும் சில சொல் வேண்டும். காய்ச்சல், ஆறு, வெள்ளம், மடி, தோணி. 'நேரத்துக்கு வந்தது' என்பதை எப்படிச் சொல்வது? ஜெபம் தெரியும், அது வேண்டாம். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உன் கொமாத்ரே,
தொமித்தீலா


ஒலாஞ்சிட்டோ
1988 ஆகஸ்ட் 14

அன்புள்ள கொமாத்ரே,

உன் உடம்பு எப்படி? என் முழங்கால் இப்போது மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்கிறது.

துணி தேய்க்கிறவளுக்குத் தோணி எதற்கடி? டாக்டர் வீட்டுக்குள் வெள்ளமா? இருந்தாலும் கேட்டுவிட்டாய், மிஸ் லொரெய்னிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். பின்தாளில் பார். நீ அந்த நாளை நினைத்துத்தான் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் சாட்சி தயார். மிஸ் லொரெய்ன் நான்கு வியாழன் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். முழுவதையும் உனக்குப் பிரதி எடுத்திருக்கிறேன், இங்கிலீஷில் ஒன்று, நம் பாஷையில் ஒன்று. அன்றைக்கு என்னோடு வந்தவள் நீ ஒருத்திதான். தப்பிருந்தால் நீதான் சொல்ல வேண்டும்.

அவனுக்கு மூன்று நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக பஸ் ஏறினோம். அகுவான் ஆறு பாலத்துக்கு மேல் ஓடியது. பஸ் இக்கரையிலேயே நின்றுவிட்டது. நீ தோணிக்காரர் தோன் பிலார் வீட்டுக்கு ஓடினாய். நான் அவனை மடியில் போட்டு, மேலே வாழையிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெபித்தேன். அவன் தண்ணீர் கேட்டான். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர். மத்தியானம் அவன் போய்விட்டான். அதற்கு அப்புறம் தோணி வந்தது. இவ்வளவுதான். இதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மிஸ் லொரெய்ன் பென்சிலைப் பிடித்தபடி, "அப்புறம்? தேவன் என்ன செஞ்சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யல மிஸ். என்கூட உக்காந்திருந்தார்."

அவர் அதை அப்படியே எழுதினார். பாஸ்டருக்குத்தான் பிடிக்கவில்லை. "சாட்சின்னா கடைசில ஒரு ஜெயம் இருக்கணும் சகோதரி" என்கிறார். ஜெயம் வேண்டுமென்றால் கால்பந்து பார்க்கப் போகட்டும்.

படித்துவிட்டு எழுது. சீக்கிரம் எழுது.

உன்,
எர்மெலிந்தா


ஒலாஞ்சிட்டோ
1988 அக்டோபர் 16

கொமாத்ரே,

சுகமா? செத்துக்கித்துப் போயிருந்தால் அதையாவது எழுது, பலேயாதா போட்டுக் காரியம் செய்கிறேன்.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. பஸ் தினமும் வருகிறது. தோன் நாச்சோ என்னைக் கண்டதும் கையை விரிக்கிறார். கண்ணாடி முன்னால் நின்று சாட்சியைத் தினமும் ஒருமுறை சொல்கிறேன். 'மை சன்' என்ற இடம் வரும்போது மட்டும் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

எழுதினது உன்னை நோகடித்துவிட்டதா? அன்றைக்கு நீ ஓடின ஓட்டத்தை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அப்படி நினைத்தால் நேரில் வந்து உன் காதைத் திருகுவேன்.

எர்மெலிந்தா


சான் பெத்ரோ சூலா
1988 நவம்பர் 20

அன்புள்ள கொமாத்ரே,

நலம். வேலை அதிகம், எழுத முடியவில்லை.

சாட்சியைப் படித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது.

விருந்தாளிகள் முதலில் எங்கள் சபைக்கு வருகிறார்கள். ஜனவரி 11, புதன்கிழமை. உங்கள் ஊருக்கு என்றைக்கு? நீ என்றைக்குப் பேசுகிறாய்?

தொமித்தீலா


ஒலாஞ்சிட்டோ
1989 ஜனவரி 16, திங்கள்

தொமித்தீலா,

நீ நலமாகத்தான் இருப்பாய். நான் இப்போது எழுதப்போவதைக் கடைசிவரை படி. நடுவில் மடித்து வைக்காதே.

நேற்று விருந்தாளிகள் ஒன்பது பேர் வந்தார்கள். சபையில் இடமில்லை, ஜன்னலிலும் ஆள். நான் என் நீலச் சட்டையைப் போட்டிருந்தேன். பாஸ்டர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, நோட்டைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு முன்னால் போனேன். ஆரம்பித்தேன்.

முன் வரிசையில் ஒரு வெள்ளை முடி அம்மாள். காய்ச்சல் என்றதும் தலையைத் தூக்கினாள். ஆறு என்றதும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். வாழையிலை என்றதும் அந்த வரிசை முழுவதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? புரிகிறது, என் இங்கிலீஷ் இவர்களுக்குப் புரிகிறது என்று உள்ளுக்குள் துள்ளினேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன். 'என் மகன் போய்விட்டான்' என்று சொன்னபோது ஒரு ஆள் தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்தார். வெள்ளை முடி அம்மாள் கையைக் கட்டிக்கொண்டாள். நான் உட்காரும்போது ஒரு 'ஆமென்' இல்லை. ஜன்னலில் நின்ற நம் ஜனங்களுக்கு ஒன்றும் புரியாததால் அவர்கள்தான் கை தட்டினார்கள்.

மிஸ் லொரெய்ன் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார். முகம் தக்காளி மாதிரி இருந்தது.

"எர்மெலிந்தா, இந்தக் கதையை உனக்கு யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கல மிஸ். நான் பெத்தது."

"புதன்கிழமை சான் பெத்ரோல ஒரு சகோதரி இதையேதான் சொன்னாங்களாம். காய்ச்சல், வாழையிலை, எல்லாம் நாம எழுதின அதே வார்த்தைங்க. ஆனா அவங்க கதைல தோணி நேரத்துக்கு வந்துடுச்சு. பையன் பிழைச்சுட்டான். இப்ப பத்தொன்பது வயசாம்."

பெயரைக் கேட்டேன். உன் பெயரைச் சொன்னார்.

என் கையில் யாரோ கொடுத்த எலுமிச்சைத் தண்ணீர் இருந்தது. அதைக் கீழே போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். போடவில்லை. குடித்துவிட்டேன். அவ்வளவு தாகம்.

திரும்பிப் போனால், பாஸ்டர் விருந்தாளிகளிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். எனக்கு இப்போது இங்கிலீஷ் கேட்கிற காது இருக்கிறதல்லவா? கேட்டேன். 'இந்தச் சகோதரி அந்தக் கதையை எங்கேயோ கேட்டு மனம் உருகித் தன் கதையாக்கிக்கொண்டாள், எளிய பெண், மன்னியுங்கள்' என்கிறார். நம் பக்கத்து வீட்டு ஒத்தீலியா பின்னாலிருந்து, "அந்தப் பையனைக் குழியில இறக்கினப்ப நான் பக்கத்துல நின்னேன், யாரு பொய் சொல்றது?" என்று கத்தினாள். பாஸ்டர் அதை மொழிபெயர்க்கவில்லை. நான் எழுந்து 'மைன், மைன், மை சன்' என்றேன். மற்ற சொல்லெல்லாம் பறந்துவிட்டது. பத்து மாதம் படித்தது ஒன்றும் வாயில் இல்லை. அந்த வெள்ளை முடி அம்மாள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள், பைத்தியக்காரியைத் தட்டுவது போல.

சாயங்காலம் பாஸ்டரைப் பிடித்தேன். "உங்களுக்குத் தெரியாதா பாஸ்டர்?"

"தெரியும் சகோதரி. ஆனா அதுவும் நம்ம சபைதானே. விருந்தாளிங்க முன்னாடி நம்ம வீட்டுச் சண்டையை இழுக்கலாமா? அவங்க அந்தச் சகோதரியை வடக்க கூட்டிட்டுப் போறாங்க, மூணு மாசம் சபை சபையா சாட்சி சொல்ல. எல்லாருக்கும் நன்மைதானே."

பஸ் ஸ்டாண்டில் கூடையை யாராவது திருடினால் ஊரைக் கூட்டிக் கத்துவேன். இதற்கு யாரைக் கூட்டுவது? நீ கேட்டாய், நான் கொடுத்தேன். தாள் தாளாக, பிரதி எடுத்து, உச்சரிப்பும் எழுதி. உனக்காக இடம் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு ஒன்றுதான் வேண்டும். அந்த ஒன்பது பேர் முன்னால், நீ சொன்ன அதே வாயால், அவன் என் மகன் என்று சொல்.

எர்மெலிந்தா


ஒலாஞ்சிட்டோ
1989 பிப்ரவரி 12

டாக்டர் வீட்டம்மாவுக்கு வணக்கம். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டில் சட்டை தேய்த்த தொமித்தீலா விமானம் ஏறிவிட்டாள் என்று பஸ் டிரைவர் சொன்னார். இத்துடன் உள்ள கடிதம் நான் ஜனவரியில் அனுப்பியதன் பிரதி. அவள் இருக்கும் விலாசம் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். முதல் கடிதம் கிடைக்கவில்லை என்று அவள் சொல்லிவிடக்கூடாது. பிரதி எடுப்பது எனக்குப் பழகிவிட்டது.

இப்படிக்கு,
எர்மெலிந்தா


ஒஹாயோ
1989 மார்ச் 5

கொமாத்ரே எர்மெலிந்தா,

சுகமா என்று கேட்க எனக்கு வாயில்லை. உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவது நான் கிளம்புவதற்கு முன்பே கிடைத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே பனி பெய்து எல்லாம் வெள்ளை. மரம், கூரை, எல்லாம். நீ பார்த்த அந்த வெள்ளை முடி அம்மாள், மிஸஸ் எட்னா, அவள் வீட்டில் இருக்கிறேன். ஞாயிறு தோறும் ஒரு சபை.

நான் எழுந்து பேசினபோது 'ஞானமகன்' என்று சொல்லத்தான் நினைத்தேன். உன் நோட்டில் இரண்டு பக்கமும் தேடியிருந்தேன். அந்தச் சொல் இல்லை. 'மகன்' என்று சொன்னேன். உடனே மிஸஸ் எட்னா அழுதாள். முன்னூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் தோணி என்ற இடம் வந்தது. 'தோணி தாமதமாக வந்தது' என்று சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. நேரத்துக்கு வந்தது என்றேன்.

பதினோரு வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்குத் தோன் பிலார் வீட்டில்தான் இருந்தார். "மழை கொஞ்சம் விடட்டும் பெண்ணே, இந்த வேகத்துல தோணி கவுந்துடும்" என்றார். நான் 'சரி' என்றேன். அடுப்புப் பக்கம் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். காபி கொடுத்தார். குடித்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். நீ ஒரு நாளும் ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. நீ கேட்டிருக்கலாம்.

நம் பாஷையில் அந்தத் தோணி எத்தனை தடவை சொன்னாலும் தாமதமாகத்தான் வருகிறது. ஆங்கிலத்தில் அது வந்துவிட்டது, எர்மெலிந்தா. ஒவ்வொரு ஞாயிறும் வருகிறது.

இப்போது எல்லாரும் அவனைப் பற்றிக் கேட்கிறார்கள். என்ன படிக்கிறான், எவ்வளவு உயரம். மிஸஸ் எட்னா அவனுக்கு ஸ்வெட்டர் பின்னினாள். அளவு கேட்டாள். கொம்பாத்ரே செப்பேயின் தோளை மனதில் வைத்துச் சொன்னேன். விலாசம் கேட்டாள். அவன் இருக்கக்கூடிய விலாசம் எனக்கு ஒன்றுதான் தெரியும். போன வாரம் அனுப்பிவிட்டாள். அது வந்தால் எரித்துவிடு.

நீ ஒரு வார்த்தை எழுது. நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். மறுநாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள். டாக்டர் வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். பரவாயில்லை. நீ எழுதினால் சொல்கிறேன்.

தொமித்தீலா


ஒலாஞ்சிட்டோ
1989 ஏப்ரல் 2

தொமித்தீலா,

நான் சுகம். செப்பே சுகம். உன் சுகத்தை விசாரிக்க இன்னும் மனம் வரவில்லை, வரும்போது விசாரிக்கிறேன்.

சபையில் என்னைக் கதவோரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மரியாதையாகத்தான். "சகோதரி, முழங்காலுக்குக் காத்து வர்ற இடம்" என்றார் பாஸ்டர். மிஸ் லொரெய்ன் கண்ணில் படுவதில்லை. வியாழக்கிழமை வகுப்பை நானே விட்டுவிட்டேன்.

சொல் இல்லை என்கிறாய். பொய் சொல்வதென்றால் உனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியுமே, இதை மட்டும் ஏன் இவ்வளவு மோசமாகச் சொல்கிறாய்? 'பக்கத்து வீட்டுப் பையன்' என்று சொல்லியிருக்கலாம், நெய்பர் என்ற சொல் மூன்றாவது தாளில் இருந்தது. 'என் தோழியின் மகன்' என்று சொல்லியிருக்கலாம். இரண்டு சொல்லும் என் கையெழுத்தில் உன் தேய்ப்பு மேசைக்கு மேலே ஒட்டியிருந்தது. நீ மகனை எடுத்துக்கொண்டாய்.

அந்த 'சரி'யைப் பற்றியும் அந்தக் காபியைப் பற்றியும் இப்போது எழுத மாட்டேன். மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் உன்னை அடித்திருப்பேன். அடித்து முடித்து, இருவரும் சேர்ந்து அழுதிருப்போம். இப்போது உன்னை அடிக்க விமானம் ஏற வேண்டும்.

பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. வெளியே அவன் முழுப்பெயர், ரெய்னெரியோ, எங்கள் விலாசம். தபால்காரர் புதிய ஆள். "உங்க மகனுக்கா? கையெழுத்து போடணும், இருக்காரா?" என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. "வெளிய போயிருக்கான், நான் போடுறேன்" என்றேன். பார்த்தாயா, நானும் சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வருகிறது.

எரிக்கத்தான் பிரித்தேன். கரும்பச்சைக் கம்பளி. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிழலில் கிடக்கிற இந்த ஊரில், ஏப்ரலில், கம்பளி. கட்டிலில் விரித்துப் போட்டேன். கை நீட்டிப் படுத்திருக்கிற ஒரு ஆள் அளவு. எனக்குள் அவன் இவ்வளவு நாளும் எட்டு வயதிலேயே நின்றுவிட்டான், தொமித்தீலா. இவ்வளவு பெரிய தோளை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

செப்பே வயலிலிருந்து வந்தார். நான் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் கையைக் கழுவி, துடைத்து, ஸ்வெட்டரை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்தார். கை நீளத்தைத் தன் மணிக்கட்டில் பிடித்துப் பார்த்தார்.

"இது அவனுக்குப் பத்தாது. என்னைவிட உசந்திருப்பான்" என்றார்.

பிறகு கொல்லைக்குப் போய் மாட்டைக் கட்டினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

நீ கேட்ட வார்த்தையை எழுதுகிறேன். சொல். வருகிற ஞாயிறே எழுந்து சொல். அவன் பெயர் ரெய்னெரியோ, தாய் பெயர் எர்மெலிந்தா, ஒலாஞ்சிட்டோவில் பலேயாதா விற்கிறவள், அவள் பொய் சொல்லவில்லை. தோணி நேரத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதையும் நீயே சொல். அந்த அம்மாள் அழுவாள். அழட்டும். உன்னைத் திருப்பி அனுப்புவார்கள். வா. ஆனால் என் வாசலுக்கு வராதே, நான் கூப்பிடும்வரை.

இன்னொன்று. உயிரோடு இருக்கிற பையனுக்கென்று பின்னியது, அதனால் மிஸஸ் எட்னா ஸ்வெட்டரைத் திரும்பக் கேட்பாள். அது தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல். யாருக்காகவோ அவ்வளவு பொய் சொன்னாயே, எனக்காக இந்த ஒன்றைச் சொல்.

எர்மெலிந்தா